திண்ணையும் வீடும்: விண்டோஸ் 10 கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் மேசைக் கணினி 2016-ஆம் ஆண்டில் வாங்கப்பட்டது. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, எட்டு ஜிபி நினைவகம், பிற்பாடு பொருத்திய எஸ்எஸ்டி ஆகியவற்றோடு அது இன்றும் சுணக்கமில்லாமல் ஓடுகிறது. அப்பா காலையில் நாளிதழ்களைப் படிப்பதும், மின்கட்டணமும் எல்.ஐ.சி. தவணையும் கட்டுவதும், ஓய்வூதியக் கணக்கைப் பார்ப்பதும் அதில்தான். ஆனால் விண்டோஸ் 11, ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. நல்ல நிலையில் உள்ள கணினியை இதற்காகத் தூக்கி எறிய மனம் வராத எவருக்கும் எழும் கேள்வி எனக்கும் எழுந்தது: பாதுகாப்பான உலாவி ஒன்றை நிறுவிவிட்டால் போதாதா? அந்தக் கேள்வியோடு மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸை அக்கணினியின் முதன்மை உலாவியாக வைத்து நான்கு மாதங்கள் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வேகத்தையும் தோற்றத்தையும் பற்றி இதில் அதிகம் சொல்லப் போவதில்லை. கணினி நுணுக்கம் அறியாத ஒருவரை இது எந்த அளவுக்குக் காக்கிறது என்பதே நான் பார்க்க விரும்பியது.

உலாவியைப் பற்றிப் பேசும் முன், அது உட்கார்ந்திருந்த தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வன்தட்டு பழுதானபோது அருகிலிருந்த பழுதுநீக்கும் கடை ஒன்றில் கொடுத்து வாங்கினோம். அவர்கள் தங்கள் பென்டிரைவில் இருந்த திருட்டுப் பிரதியை நிறுவி, உரிமம் இருப்பதுபோல் காட்டும் ஒரு நிரலையும் சேர்த்து, அந்த நிரலைத் தீநிரல் என்று தடுத்துவிடாதபடி, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பானான டிஃபென்டரின் விலக்குப் பட்டியலில் ஒரு முழுக் கோப்புறையையே போட்டிருந்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணினி வாங்கும்போதே உரிமத்தோடு வந்தது. விண்டோஸ் 10-இன் உரிமம் வன்பொருளோடு இணைத்துப் பதியப்படுவதால், மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்து நிறுவல் கோப்பை இறக்கி, பழைய ‘ஹோம்’ பதிப்பையே மறுபடி நிறுவியதும் அது எந்தக் கேள்வியும் கேட்காமல் தானாகவே உரிமம் பெற்றுக்கொண்டது. விலக்குப் பட்டியலில் என்ன இருக்கிறது என்பதைக் கடையில் கொடுத்து வாங்கிய ஒவ்வொரு கணினியிலும் ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும். அங்கே ‘சி’ டிரைவ் முழுவதும் எழுதப்பட்டிருந்தால், மேலே எந்த உலாவி ஓடினாலும் ஒன்றுதான்.

இனி உலாவி. பழைய தமிழ் வீடுகளில் திண்ணை எதற்கு இருந்தது என்பதை நினைத்துக்கொண்டால் இன்றைய உலாவிகளின் அடிப்படைப் பாதுகாப்பு எளிதில் விளங்கும். வழிப்போக்கர் வரலாம், உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம். நிலைப்படியைத் தாண்டி உள்ளே வர முடியாது. ஒரு வலைத்தளத்தைத் திறக்கும்போது அதன் நிரல் நம் கணினியில்தான் ஓடுகிறது. முன்பின் தெரியாத ஒருவருடைய நிரலை ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கில் ஓடவிடுகிறோம். அதைக் கோப்புகளைத் தொட முடியாத, பிற நிரல்களோடு பேச முடியாத ஒரு தனி இடத்தில் அடைத்து ஓட்டுவதைத்தான் ‘சாண்ட்பாக்ஸ்’ என்கிறார்கள். 2008-இல் வெளியான கூகுள் குரோம் இதைத் தொடக்கத்திலிருந்தே முதன்மையான உறுப்பாக வைத்திருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் இதில் பின்தங்கியே வந்தது என்பதை மறைப்பதற்கில்லை: 2016-இல்தான் பக்கங்களைத் தனிச் செயல்முறையில் ஓட்டும் ஏற்பாடு பரவலாக வந்தது. 2018 சனவரியில் ஒரு நிரல் இன்னொன்றின் தரவை எட்டிப்பார்க்க இடங்கொடுக்கும் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் ஆகிய செயலிக் குறைபாடுகள் வெளியான பின், ஒரு தளம் அமரும் திண்ணையில் இன்னொரு தளம் அமரக்கூடாது என்ற நிலை ஏற்பட்டது. குரோம் அந்த ஆண்டே அதைச் செய்துவிட, ஃபயர்ஃபாக்ஸ் 2021-இன் இறுதியில்தான் அதை அனைவருக்கும் வழங்கியது. இன்று மேசைக் கணினியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் அடிப்படை அமைப்பில் பெரிய இடைவெளி இல்லை. திண்ணைகள் பெருகியதால் நினைவகச் செலவும் பெருகியது என்பதால், நான்கு ஜிபி மட்டும் உள்ள கணினியில் பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்துவைப்பவர்கள் அதை உணர்வார்கள்.

ஆனால் திண்ணை என்பது வீட்டின் ஒரு பகுதி. அந்தச் சுவரை எழுப்பித் தருவது இயங்குதளம்தான்; உலாவி அதைக் கேட்டுப் பெறுகிறது, அவ்வளவே. இதை 2024 அக்டோபரில் நடந்த ஒரு நிகழ்வைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. ரோம்காம் என்று அழைக்கப்படும், ரஷ்யச் சார்புள்ள ஒரு குழு, ஃபயர்ஃபாக்ஸின் அசைவூட்டப் பகுதியில் இருந்த, அதுவரை யாருக்கும் தெரியாத ஓர் ஓட்டையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஈசெட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைக் கண்டு அக்டோபர் 8-ஆம் தேதி மொசில்லாவிடம் தெரிவித்தார்கள். சுமார் 25 மணி நேரத்தில் திருத்தம் தயாராகி, மறுநாள் 131.0.2 என்ற பதிப்பாக வெளிவந்தது. அந்த ஓட்டையின் வழியாக வந்தவர்கள் திண்ணை வரைதான் வர முடிந்தது. ஆகவே அவர்கள் இரண்டாவதாக விண்டோஸின் பணி திட்டமிடும் பகுதியில் இருந்த வேறோர் ஓட்டையைச் சங்கிலிபோல் கோத்து, அதன் வழியாக வீட்டுக்குள் நுழைந்தார்கள். பாதிக்கப்பட்டவர் எதையும் சொடுக்கவோ தரவிறக்கவோ தேவையிருக்கவில்லை. அந்தக் குழு அமைத்த வலைப்பக்கம் திறந்தாலே போதுமானதாக இருந்தது. விண்டோஸின் ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அடைத்தது நவம்பர் 12-ஆம் தேதி.

இதில் மொசில்லாவின் வேகத்தை மெச்சத்தான் வேண்டும். 2025 மே மாதம் பெர்லினில் நடந்த, மென்பொருள்களின் ஓட்டைகளைக் கண்டுகாட்டும் ‘போன்டுஓன்’ போட்டியில் ஃபயர்ஃபாக்ஸின் ஜாவாஸ்கிரிப்ட் பகுதியில் இரண்டு ஓட்டைகள் காட்டப்பட்டபோதும், போட்டி முடியும் வேளையிலேயே திருத்தப் பதிப்பு வந்துவிட்டது. அவற்றைக் காட்டிய இரு தரப்பினராலும் சாண்ட்பாக்ஸைத் தாண்ட முடியவில்லை. ஆயினும் என் கேள்விக்கு விடை முதல் நிகழ்வில்தான் இருக்கிறது. உலாவியின் ஓட்டை ஒரே நாளில் அடைபட்டது; இயங்குதளத்தின் ஓட்டை ஒரு மாதத்திற்கு மேல் காத்திருந்தது. புதுப்பிப்பே பெறாத விண்டோஸ் 10-இல் அத்தகைய ஓட்டை ஒரு மாதமல்ல, கணினி இருக்கும்வரை திறந்தே கிடக்கும். அடுத்தடுத்துத் திண்ணையில் எத்தனை வழிகள் கண்டுபிடிக்கப்பட்டாலும், உள்ளே செல்லும் வழி ஏற்கெனவே தயாராக இருக்கும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாகிரை என்ற தீநிரலை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அது தாக்கிய 2017 மே 12-ஆம் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-ஆம் தேதியன்றே, மைக்ரோசாஃப்ட் திருத்தத்தை வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகள்தான் வரிசையாக விழுந்தன. அங்கே உலாவிக்கு வேலையே இருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு மயக்கம் உண்டாகிறது. விண்டோஸ் 10-இல் ஃபயர்ஃபாக்ஸைத் தொடர்ந்து ஆதரிப்பதாக மொசில்லா அறிவித்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜ் உலாவிக்கும் டிஃபென்டரின் தீநிரல் பட்டியலுக்கும் 2028 அக்டோபர் வரை புதுப்பிப்புகள் உண்டு. ஆகவே உலாவியைத் திறந்து ‘ஃபயர்ஃபாக்ஸ் பற்றி’ என்ற சாளரத்தைப் பார்த்தால் எல்லாம் அண்மைப் பதிப்பில் இருப்பதாகவே காட்டும். டிஃபென்டரிலும் பச்சைக் குறி தெரியும். இரண்டும் பொய் சொல்லவில்லை. தரையைப் பற்றி அவற்றிடம் யாரும் கேட்கவில்லை. எனவே ஃபயர்ஃபாக்ஸை நிறுவுவதற்கு முன் நான் செய்த முதல் வேலை, வீட்டுப் பயனர்களுக்காக மைக்ரோசாஃப்ட் வழங்கும் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் அந்தக் கணினியைப் பதிந்ததுதான். 2026 அக்டோபர் 13 வரை அது செல்லும். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அமைப்புகளை அந்தக் கணக்கில் காப்புப்பிரதி எடுக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை, இல்லையெனில் 30 டாலர் அல்லது 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவதற்கான இணைப்பு இருக்கிறது. இதைச் செய்யாமல் எந்த உலாவியைப் பற்றிய மதிப்பீட்டையும் படித்துப் பயனில்லை, இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தரையைச் சரிசெய்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், பிற உலாவிகளை விட்டு ஃபயர்ஃபாக்ஸைத் தேர்ந்தெடுக்க எனக்கு இருந்த ஒரே வலுவான காரணம், உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி. ஓய்வூதியம் வாங்கும் ஒருவரைக் குறிவைத்து யாரும் வெளித் தெரியாத ஓட்டைகளைச் செலவழிக்கப் போவதில்லை. அவருக்கு வரும் ஆபத்து, தேடுபொறியில் ஒரு மென்பொருளின் பெயரைத் தட்டியதும் அசல் தளத்துக்கு மேலே விளம்பரமாக நிற்கும் போலித் தளத்தின் வடிவில் வருகிறது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கு விடுத்த எச்சரிக்கையில் இதைக் குறிப்பிட்டு, இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துமாறு கூறியது. காவல் அமைப்பு ஒன்றே அவ்வாறு சொல்லும் அளவுக்கு விளம்பர இடம் கெட்டுப்போயிருக்கிறது. ரேமண்ட் ஹில் என்பவர் உருவாக்கிய இந்த நீட்சி, பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் புறப்படும் முன்பே பார்த்து, வேண்டாததை நிறுத்தும் முறையில் இயங்குகிறது. குரோம் தன் நீட்சிகளுக்கான புதிய விதிமுறையில் அந்த வசதியை எடுத்துவிட்டது. 2025-இல் பழைய விதிமுறைக்கான ஆதரவையும் நிறுத்தியதால், அங்கே இப்போது அதன் சுருக்கப்பட்ட ‘லைட்’ வடிவம் மட்டுமே கிடைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் இரு விதிமுறைகளையும் ஏற்கிறது.

கூகுள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: எல்லாக் கோரிக்கைகளையும் பார்க்கும் அதிகாரம் பெற்ற ஒரு நீட்சி கெட்டவர் கைக்குப் போனால் அதுவே பெரிய ஒற்றனாகிவிடும். அதனால்தான் அப்பாவின் ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜினைத் தவிர வேறொரு நீட்சியும் இல்லை. விலை ஒப்பிடுவது, காணொளி இறக்குவது, பிடிஎஃப் மாற்றுவது என்று ஏற்கெனவே சேர்ந்திருந்த அத்தனையையும் நீக்கியபோது அவர் ஒன்றையும் இழந்ததாக உணரவில்லை. நாளிதழ்த் தளங்கள் சில, தடுப்பானை அணைத்தால்தான் படிக்க விடுவேன் என்று அடம்பிடிக்கின்றன. சந்தா கட்டிப் படிக்கும் இரண்டு நாளிதழ்களுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறேன்.

நான்கு மாதங்களில் கண்கூடாகத் தெரிந்த மாற்றம் வேறோர் இடத்தில் வந்தது. திரையின் வலது மூலையில் ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன’ என்று அடிக்கடி எட்டிப்பார்த்த அறிவிப்புகள் நின்றுவிட்டன. அவை வைரஸின் வேலையல்ல. ஏதோ ஒரு தளம் ‘அறிவிப்பு அனுப்பலாமா’ என்று கேட்டபோது அப்பா ‘சரி’ என்று சொன்னதன் விளைவு. 2020 சனவரியில் வந்த 72-ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் இந்தக் கேள்வியைப் பக்கம் திறந்ததும் முகத்துக்கு முன் நீட்டுவதில்லை. முகவரிப் பட்டையில் ஒரு சிறு குறியாக ஒதுக்கிவிடுகிறது. தனியுரிமை அமைப்புகளில் அறிவிப்பு என்ற தலைப்பின் கீழ், புதிய கோரிக்கைகள் எதையும் ஏற்க வேண்டாம் என்று ஒரு குறியிட்டால் அதுவும் வராது. அரை நிமிட வேலை. முதியவர்கள் பயன்படுத்தும் கணினியில் இதைவிடப் பலனுள்ள அரை நிமிடத்தை நான் கண்டதில்லை. அதே பக்கத்தில் உள்ள, தளங்களோடு குறியாக்கப்பட்ட இணைப்பை மட்டும் ஏற்கும் ‘எச்டிடிபிஎஸ் மட்டும்’ என்ற அமைப்பையும் இயக்கிவைத்தேன். மிகப் பழைய ஓரிரு தளங்களில் எச்சரிக்கை வருகிறது, மற்றபடி இருப்பதே தெரியவில்லை.

குறைகளில் பெரியது கடவுச்சொற்கள். ஃபயர்ஃபாக்ஸ் சேமிக்கும் கடவுச்சொற்கள் ஒரு கோப்பில் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், அந்தப் பூட்டின் சாவி அதன் பக்கத்திலேயே இன்னொரு கோப்பில் இருக்கிறது. ‘முதன்மைக் கடவுச்சொல்’ ஒன்றை நாமாக அமைத்தால்தான் அந்தச் சாவிக்குப் பூட்டு விழும். இது இயல்பாக அணைந்தே இருக்கிறது. ரெட்லைன், லும்மா போன்ற திருட்டு நிரல்கள் கணினிக்குள் வந்த சில நொடிகளில் முதலில் தேடி எடுப்பது இந்தக் கோப்புகளைத்தான். நாம் உள்நுழைந்திருப்பதைத் தளங்கள் அடையாளம் காண உலாவியில் வைக்கும் சிறு தரவுகளான குக்கீகளின் நிலை இன்னும் மோசம்: முதன்மைக் கடவுச்சொல் அவற்றைக் காப்பதில்லை, திருடியவர் கடவுச்சொல் இல்லாமலே நம் மின்னஞ்சலுக்குள் நுழைய அவை போதும். விண்டோஸில் குரோம் 2024-இல் வந்த 127-ஆம் பதிப்பிலிருந்து குக்கீகளை உலாவியோடு பிணைத்துக் குறியாக்கம் செய்யத் தொடங்கியது. அதையும் உடைக்கும் முயற்சிகள் நடந்தபடியே இருக்கின்றன என்றாலும், திருடனுக்கு ஒரு படி கூடுதலாக வைத்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் இங்கே அசட்டையாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு முதன்மைக் கடவுச்சொல் அமைத்துக் கொடுத்து, வங்கிக் கடவுச்சொல்லை மட்டும் உலாவியில் சேமிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் அதைப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதிவைத்திருக்கிறார். இணையத்தில் உட்கார்ந்திருக்கும் திருடனால் பஞ்சாங்கத்தைப் புரட்ட முடியாது என்பதால் நான் மறுக்கவில்லை.

நிர்வாகக் குறைகளும் உண்டு. 2019 மே மாதம், நீட்சிகள் நம்பத்தக்கவை என்று சரிபார்க்கும் ஒரு சான்றிதழ் காலாவதியானதால் உலகெங்கும் ஃபயர்ஃபாக்ஸின் நீட்சிகள் ஒரே நாளில் செயலிழந்தன. பாதுகாப்புக்காக நீட்சியை நம்பியவர்கள் தடுப்பான் இல்லாமல் நின்றார்கள். 2025 மார்ச் 14 அன்று காலாவதியான வேறொரு சான்றிதழுக்கு முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்திருந்தார்கள் என்றாலும், 128-க்கு முந்தைய பதிப்புகளில் தங்கியிருந்தவர்களுக்கு அது ஒரு கெடுவாகவே வந்தது. அதற்குச் சற்று முன், அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் வெளியிட்ட பயன்பாட்டு விதிமுறைகளில், நாம் தட்டுவதற்கெல்லாம் மொசில்லா உரிமை கோருவதுபோன்ற வாசகம் இருக்கிறது என்று எதிர்ப்பு எழுந்ததும், சில நாட்களில் அதை மாற்றி எழுதினார்கள். வருவாயின் பெரும்பகுதி கூகுள் தேடலிலிருந்து வரும் ஒரு நிறுவனம் தனியுரிமையைப் பற்றிப் பேசும்போது சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது. நம் ஊர் அலுவலகத் தளங்கள் சில வேறோர் உலாவியைப் பயன்படுத்தச் சொல்வது அந்தத் தளங்களை எழுதியவர்களின் சோம்பல். அதற்கு ஃபயர்ஃபாக்ஸைக் குறைசொல்ல முடியாது. அந்த நேரங்களில் ஏற்கெனவே கணினியோடு வந்த எட்ஜைத் திறந்து வேலையை முடித்துவிட்டு மூடிவிடுகிறோம்.

எந்த உலாவியாலும் தடுக்க முடியாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ‘நீங்கள் மனிதர்தானா’ என்று கேட்கும் பெட்டியைப் போலவே ஒன்று தோன்றி, விண்டோஸ் விசையையும் ‘ஆர்’ விசையையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கண்ட்ரோலும் ‘வி’யும், பிறகு என்டர் என்று படிப்படியாகச் சொல்லித்தரும் மோசடி 2024 முதல் பரவியிருக்கிறது. அந்தப் பக்கம் முன்பே நம் நகல் பலகையில் ஒரு கட்டளையை வைத்துவிடுகிறது. அதை இயக்குவது நம் விரல்கள். திண்ணையில் இருப்பவருக்கு வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிடுவது இது. அப்பாவின் கணக்கை நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக மாற்றியிருப்பதால் கணினி முழுவதும் கைமாறுவது கடினமாகும். ஆனால் அவருடைய கோப்புகளும் குக்கீகளும் அவர் கணக்கிலேயே இருப்பதால் அவற்றைத் திருட நிர்வாகி உரிமை தேவையில்லை. அந்த மூன்று படிகளைப் பற்றி ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே, பணமோசடி நடந்தால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணும் இருக்கிறது.

எட்டு ஜிபி நினைவகமும் நீட்டிக்கப்பட்ட புதுப்பிப்பும் உள்ள விண்டோஸ் 10 கணினிக்கு, யூபிளாக் ஆரிஜினோடும் முதன்மைக் கடவுச்சொல்லோடும் கூடிய ஃபயர்ஃபாக்ஸை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். இம்மூன்றில் ஒன்றைச் செய்ய விருப்பமில்லாதவர், ஏற்கெனவே இருக்கும் உலாவியிலேயே தொடரலாம். மாற்றிப் பெரிதாக எதுவும் கிடைத்துவிடாது. எங்கள் கணினிக்கு 2026 அக்டோபர் வரை தவணை. அதற்குப் பிறகு மாறுவதற்கு ஒத்திகையாக, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தோம். அதில் ஃபயர்ஃபாக்ஸ்தான் இயல்பான உலாவி என்பதால் அப்பாவுக்குப் பாதி வீடு பழகியதாகவே இருந்தது. தமிழ்99 விசைப்பலகையும் வேலை செய்தது. பழைய ஸ்கேனர் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை.